புது இரும்பு தோசைக்கல்லில் தோசை ஒட்டுகிறது

கேள்வி: போன வாரம் வார்ப்பிரும்பு தோசைக்கல் வாங்கினேன். கழுவிவிட்டு உடனே ஊற்றினேன், தோசை பிய்ந்து பிய்ந்து வருகிறது. நான்ஸ்டிக்குக்கே திரும்பிவிடலாமா?

பதில்: வேண்டாங்க, கொஞ்சம் பொறுங்கள். என் கல்லுக்கு 22 வயது. முதல் 3 நாள் இரவில் வடித்த கஞ்சியில் ஊறப்போட்டுக் காலையில் கழுவினேன். அப்புறம் நல்லெண்ணெயை மெல்லிசாகத் தடவி, புகை வரும்வரை காயவைத்து ஆறவிட்டேன். இப்படி நாலைந்து தடவை. சூட்டில் எண்ணெய் இறுகி வழவழப்பான படலமாகிவிடும், ஒட்டாமல் காப்பது அதுதான். நிறைய தடவினால் பிசுபிசுக்கும்.

இன்னொருவர்: அதே கல்லில் சப்பாத்தி போடாதீர்கள். எங்கள் வீட்டில் போட்ட மறுநாளே தோசை ஒட்டியது.

கேட்டவர்: சரி, வெங்காயம் தேய்க்கவா?

பதில்: ஆமாம், பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேயுங்கள். கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்குங்கள், இல்லாவிட்டால் துரு பிடிக்கும்.