ஆரஞ்சு ஏலக்காய் அடுக்கு கேக்: ஓர் அடுக்கு மட்டும் அமுங்குகிறது. அவசரம்!

மாவுக்கை:
நாளை சாயங்காலத்துக்குள் கேக் தயாராக வேண்டும். முதல் அடுக்கு அருமையாக வந்தது. இரண்டாவது நடுவில் கிண்ணம் மாதிரி குழிந்துவிட்டது. வெட்டினால் அடியில் ஒரு விரல் கனத்துக்குக் களி. ஒரே கலவை, ஒரே டின், ஒரே சூடு. இரண்டு நாளாக இதே கதை. என்ன தப்பு?

அரைக்கரண்டி:
அளவு சொல்லுங்கள். சோடாவா, பேக்கிங் பவுடரா? எத்தனை டிகிரி? "ஒரே டின்" என்றால் ஒரே அளவில் இரண்டா, இல்லை இருப்பதே ஒன்றுதானா?

கதவைத்திறக்காதே:
ஓவன் கதவைத் திறந்திருப்பீர்கள். முதல் இருபது நிமிடம் கைவைக்கவே கூடாது.

மாவுக்கை:
திறக்கவில்லை, கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். மைதா 250 கிராம், சர்க்கரை 200, வெண்ணெய் 150, முட்டை 3, ஆரஞ்சுச் சாறு 120 மில்லி, சோடா அரை டீஸ்பூன், ஏலக்காய்ப் பொடி ஒரு டீஸ்பூன். சாறே புளிப்பாச்சே என்று பவுடர் போடவில்லை. 175 டிகிரி, 8 அங்குல டின், முப்பது நிமிடம்.

கதவைத்திறக்காதே:
குச்சி குத்திப் பார்க்கவாவது திறந்திருப்பீர்களே?

தராசுத்தட்டு:
மாதம் ஒருமுறை இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கப்பில் அள்ளினால் இப்படித்தான் ஆகும். ஒரு கப் மைதா என்பது அள்ளும் கையைப் பொறுத்து 120 கிராமும் இருக்கும், 150உம் இருக்கும். முதலில் ஒரு தராசு வாங்குங்கள்.

அரைக்கரண்டி:
ஐயா, அவர் கிராமில்தான் கொடுத்திருக்கிறார்.

நுனிநாக்கு:
குழி இருக்கட்டும், ஒரு டீஸ்பூன் ஏலக்காயா! ஆரஞ்சு எங்கே தெரியும்? கால் போதும். மணம் சாற்றில் இல்லை, தோலில்தான். துருவலைச் சர்க்கரையோடு விரலால் கசக்குங்கள். சர்க்கரை ஈரமணல் மாதிரி ஆகி, நிறம் மாறி, கையெல்லாம் மணக்கும். வெள்ளைப் பகுதி மட்டும் சேரக்கூடாது, கசக்கும். ஏலக்காயைத் தோல் உரித்துப் பொடியுங்கள்.

பழையடப்பா:
தோலோடு பொடித்தால் என்ன? நான் அப்படித்தான் செய்கிறேன்.

நுனிநாக்கு:
தோலில் மணம் குறைவு, நார்தான் அதிகம். பஞ்சு மாதிரி கேக்கில் பல்லில் தட்டும்.

பழையடப்பா:
சலித்தால் தட்டாது.

நுனிநாக்கு:
சலித்து எறிவதற்கு ஏன் பொடிக்க வேண்டும்?

அரைக்கரண்டி:
மாவுக்கை, என் கேள்வி அப்படியே நிற்கிறது. டின் ஒன்றா, இரண்டா?

மாவுக்கை:
ஒன்றுதான். முதல் அடுக்கு வெந்து, கொஞ்சம் ஆறியதும் எடுத்து, டின்னைக் கழுவி மீதியை ஊற்றுவேன். அதுவரை கலவை மேடையில் மூடியபடி இருக்கும். ஏன், அதிலென்ன?

அரைக்கரண்டி:
அதில்தான் எல்லாம்! சோடா புளிப்பைத் தொட்ட நொடியே நுரைக்க ஆரம்பித்துவிடும். முக்கால் மணி நேரம் காத்திருந்தால் வாயு பாதிக்கு மேல் போய்விடும், ஓவனுக்குள் எழும்ப ஒன்றும் மிஞ்சாது. பவுடராவது ஒரு பகுதியைச் சூட்டுக்கு மிச்சம் வைக்கும், அதுவும் பெரும்பாலான பவுடர்தான். எல்லாவற்றையும் பாதிப் பாதியாக எடுத்து, டின் காலியானதும் இரண்டாவதைப் புதிதாகக் கலக்குங்கள்.

மாவுக்கை:
மூன்று முட்டையை எப்படிப் பாதியாக்குவது?

அரைக்கரண்டி:
மூன்றையும் உடைத்து அடித்து, எடை போட்டுப் பாதி ஊற்றுங்கள். ஓடு போக ஒரு முட்டை சுமார் 50 கிராம், அப்படியானால் ஒரு அடுக்குக்கு 75. மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்து, கலக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள். சில்லென்று ஊற்றினால் வெண்ணெய் திரிந்தாற்போல் ஆகிவிடும்.

தராசுத்தட்டு:
தராசு வேண்டும் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

மாவுக்கை:
இரண்டும் எழும்பிவிட்டன! மேட்டைச் சீவி நானே சாப்பிட்டாயிற்று. நன்றி, ஓடுகிறேன்.

கதவைத்திறக்காதே:
இந்தத் தடவை கதவைத் திறக்கவில்லைதானே?

நுனிநாக்கு:
ஏலக்காய் எவ்வளவு போட்டீர்கள்?

பழையடப்பா:
தோலோடா, உரித்தா?