புதுப்பிப்பு: சிறையிலிருந்து வந்த அண்ணாச்சிக்கு வயல் கிடைத்துவிட்டது

பாளையங்கோட்டை மத்திய சிறையில் தண்டனை முடித்து வந்த எங்கள் ஊர் அண்ணாச்சிக்கு யாரும் நிலம் தர மறுக்கிறார்கள், என்ன வழி என்று போன கோடையில் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பெரியவர் கன்னடியன் கால்வாய்ப் பாசன வயலை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தரும் பேச்சில், கொடுத்தார்.

உரக்கடையில் அவருக்குக் கடன் கிடைக்காது. அதனால் நீங்கள் சொன்ன இயற்கை முறைதான் கைகொடுத்தது. பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதார். அப்புறம் பிசான நெல் பருவத்துக்கு அம்பை 16 ரக நெல் நட்டார். ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் என்ற கரைசல் உரம்: சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லமும் பயறு மாவும் 2 கிலோ வீதம், வரப்பு மண் ஒரு கைப்பிடி, மீதி தண்ணீர். மாடு பக்கத்து வீட்டுடையது.

நடவுக்கு முதலில் ஆள் வரவில்லை. எனக்கு அது ரொம்ப வலித்தது. அண்ணாச்சி தன் முறைக்கு வரும் தண்ணீருக்காக ராத்திரி வரப்பிலேயே கிடப்பதைப் பார்த்த பிறகுதான் பேச்சு தொடங்கியது. இப்போது பக்கத்து வயல்காரரே, "அண்ணாச்சி, நம்ம மடையையும் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். நிலம் கொடுத்த பெரியவரை விட இந்தப் பக்கத்து வயல்காரர்மேல்தான் எனக்கு மதிப்பு கூடுகிறது.

அறுப்பு முடிந்ததும் உளுந்து போடுகிறார். விடுதலையான இன்னொருவரும் வேலை கேட்டு வந்திருக்கிறார். முக்கூடல், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வாரத்துக்கு நிலம் இருந்தால் சொல்லுங்கள்.