பால்யத் தோழர்கள் பகைவர்களாகிப் பின் காதலர்கள் ஆவது: கதையில் அந்தப் பகையை எப்படி நம்ப வைப்பது?

வினா:
பதினாறு, பதினேழு வயது வாசகர்களுக்காக ஒரு நெடுங்கதை எழுதி வருகிறேன். ஒரே தெருவில் வளர்ந்த ஒரு பெண்ணும் பையனும் ஏழாம் வகுப்பு வரை இணைபிரியாமல் இருந்து, பிறகு பேச்சை நிறுத்தி, எதிரில் வந்தால் தெருவின் மறுபக்கம் போகும் அளவுக்கு விலகி, பதினொன்றாம் வகுப்பில் மீண்டும் ஒரே பிரிவில் வந்து சேர்கிறார்கள். பகைக்குக் காரணமாக, இரு தந்தையருக்கும் இடையே கிணற்றுப் பங்கு தொடர்பாக எழுந்த வழக்கை வைத்திருந்தேன். கைப்பிரதியைப் படித்தவர்கள், அது பெரியவர்களின் பகையே தவிரப் பிள்ளைகளின் பகை அல்ல என்றும், அதிலிருந்து காதலுக்கு மாறும் இடம் ஒட்டவைத்தது போல் இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். இந்த மாற்றத்தை எங்கே, எப்படிக் காட்டுவது?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):
குறுந்தொகையின் 229ஆம் பாடலைப் படித்துப் பாருங்கள். மோதாசனார் பாடியது; பாலைத் திணை. உடன்போக்கில், அதாவது பெற்றோர் அறியாமல் காதலனுடன் ஊரைவிட்டுப் போகும் வழியில், செல்லும் இளம் இணையை வழியில் கண்டவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். இவன் அவள் கூந்தலைப் பற்றி இழுப்பான், அவள் இவன் தலைமயிரைப் பிடித்து இழுத்துவிட்டு ஓடுவாள், செவிலித்தாயர் விலக்கினாலும் விடாமல் 'ஏதில் சிறுசெரு' (காரணமில்லாத சிறு சண்டை) செய்துகொண்டிருந்த இருவரும் இன்று இரட்டை மலர்மாலை போலச் சேர்ந்து போகிறார்களே என்று வியந்து, விதியே நீ நல்லை என்று வாழ்த்துகிறார்கள். சண்டை எப்போது காதலாயிற்று என்பதைப் புலவர் சொல்லவே இல்லை; ஏழே அடிகளில் முன்னும் பின்னும் மட்டும் இருக்கின்றன, நடுவில் நடந்ததை நாமே நிரப்பிக்கொள்கிறோம். மாற்றத்தை விளக்கப் பத்துப் பக்கம் எழுதியிருந்தால், அந்தப் பத்துப் பக்கத்தையே எடுத்துவிட முடியுமா என்று முதலில் பாருங்கள்.

மறுமொழி 2:
ஐயா சொன்னது ஏழடிப் பாடலுக்குப் பொருந்தும். நெடுங்கதையில் நடுப்பகுதியை விட்டுவிட்டால் வாசகர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியில், கலித்தொகை 51இல், அந்த மாற்றம் கண்முன் நடக்கிறது. தெருவில் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைத்து, கூந்தலில் சூடிய கோதையை அறுத்து, வரிப்பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிய பையன், வளர்ந்தபின் ஒரு நாள் தண்ணீர் கேட்டு வாசலில் வந்து நிற்கிறான். தாய் சொன்னதால் நீர் கொண்டுவந்தவளின் வளையணிந்த முன்கையை அவன் பற்ற, அவள் 'அன்னாய், இவன் ஒருவன் செய்தது காண்' என்று கூவிவிடுகிறாள். தாய் அலறிக்கொண்டு ஓடிவந்ததும், 'உண்ணுநீர் விக்கினான்' என்று சொல்லி அவனைக் காப்பாற்றுகிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக்கொடுக்க, அவன் கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான். காட்டிக்கொடுக்க எல்லா நியாயமும் இருந்தும் அவள் காட்டிக்கொடுக்காத அந்த ஒரு பொய்யில்தான் எல்லாம் மாறுகிறது. உங்கள் கதைக்கும் அப்படி ஒரு பொய் வேண்டும். மழை, விபத்து, மருத்துவமனை எல்லாம் அதற்கு ஈடாகா.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். கையைப் பற்றி இழுப்பதை இன்றைய பள்ளி மாணவர்களுக்கான கதையில் காதலின் அடையாளமாக எழுதாதீர்கள். துன்புறுத்துகிறவன் உள்ளூர விரும்புகிறான் என்ற பாடத்தைத் திரைப்படங்கள் ஏற்கெனவே போதுமான அளவு நடத்திவிட்டன. மேலும் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர் குழந்தையே. நெருக்கத்தை எழுதும்போது இதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

மறுமொழி 3:
காரணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பள்ளியில் நட்பு முறிவதற்கு நீதிமன்ற வழக்கு தேவையில்லை. நம் வகுப்பறைகளில் ஆசிரியர் வெளியே போனால், பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் பொறுப்பு வகுப்புத் தலைவனிடம் வந்துவிடும். இருவர் பெயரையும் சேர்த்துப் பிறர் கேலி செய்யத் தொடங்கியிருந்த ஒரு வாரத்தில், தனக்கும் அவளுக்கும் ஒன்றுமில்லை என்று வகுப்புக்கு நிரூபிப்பதற்காக, பேசாமல் இருந்த அவள் பெயரை அவன் பலகையில் எழுதினான் என்று வையுங்கள். அவளுக்குத் தண்டனை பெரிதல்ல. தன்னை நன்றாகத் தெரிந்தவன் அதைச் செய்தான் என்பதுதான் நான்கு ஆண்டுகள் ஆறாது. பழக்கமில்லாதவன் எழுதியிருந்தால் அடுத்த நாளே மறந்திருப்பாள்.

இடையிலான விலகலும் தேவைதான் என்று நினைக்கிறேன். சிறு வயதிலிருந்தே ஒன்றாக வளர்பவர்களிடையே ஈர்ப்பு மங்கும் என்று பின்லாந்து அறிஞர் எட்வர்ட் வெஸ்டர்மார்க் 1891இல் எழுதினார். இஸ்ரேலின் கிப்புட்ஸ் எனப்படும் கூட்டுவாழ்க்கைக் குடியிருப்புகளில் ஒன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளைகள் தங்களுக்குள் மணம் செய்துகொள்வது அரிதாக இருந்ததைப் பின்னாளில் இதற்குச் சான்றாகக் காட்டினார்கள். தெருவில் சேர்ந்து விளையாடுவது அந்த அளவு நெருக்கம் அல்ல என்றாலும், சில ஆண்டுகள் பேசாமல் இருந்தவர்கள் ஒருவரையொருவர் புதிதாகப் பார்க்கிறார்கள் என்பது கதைக்கு உதவும்.

வினா எழுப்பியவர்:
அனைவருக்கும் நன்றி. கிணற்று வழக்கைப் பின்னணிக்குத் தள்ளி, சமரசமான பிறகு வரும் தடையாக வைத்துக்கொள்கிறேன். கரும்பலகையைக் காரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஆனால் முதலில் இறங்கி வருவது யார்? பாதிக்கப்பட்டவளே அவனுக்காகப் பொய்யும் சொன்னால், அவன் எந்த விலையும் கொடுக்காமல் தப்பிவிடுகிறானே.

மறுமொழி 2:
நியாயமான கேள்வி. பொய் அவளுடையதாகவே இருக்கட்டும்; ஆனால் அதற்குப் பிறகு, ஏன் அன்று எழுதினாய் என்று அவள் கேட்கும்போது, 'அவர்கள் கேலி செய்ததற்குப் பயந்தேன்' என்று அவன் தன் வாயால் சொல்லியாக வேண்டும். 'விளையாட்டுக்காக எழுதினேன்' என்று அவன் நழுவ முயன்று, அவள் அதை ஏற்காமல் எழுந்து போகும் ஓர் அத்தியாயமாவது இடையில் இருக்கட்டும். கலித்தொகைப் பாடல் முழுவதையும் அவள்தான் தன் தோழிக்குச் சொல்கிறாள். கடைசியில் அவனைக் 'கள்வன் மகன்' என்று திட்டும்போது அந்தத் திட்டிலேயே அவள் மனம் தெரிந்துவிடுகிறது. உங்கள் கதையையும் ஆசிரியர் கூற்றாக இல்லாமல் அவள் கூற்றாக மாற்றிப் பாருங்கள். அவன் மனம் மாறியதை நீங்கள் விளக்க வேண்டிய பக்கங்கள் பாதியாகக் குறையும்.