இருங்காட்டுக்கோட்டையில் அப்பாவோடு ஒரு நாள்

சுதந்திர தின விடுமுறை ஞாயிறோடு சேர்ந்து வந்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு பெங்களூரிலிருந்து கார் பந்தயம் பார்க்கப் போனேன். அல்சூரில் விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பி, ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் தாண்டி, ஒன்பது மணிக்கெல்லாம் சென்னைக்குப் பக்கத்தில் ரேஸ் தடம் இருக்கிற இருங்காட்டுக்கோட்டை போய்ச் சேர்ந்தோம்.

அப்பாவுக்கு 71 வயது. மர்ஃபி டவுனில் முப்பது வருஷம் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தவர். 1980களில் நண்பர்களோடு ராத்திரி ரயிலேறி சென்னைக்குப் பக்கத்துச் சோழவரம் ரேஸுக்குப் போன கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். சோழவரம் தடம் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடம் திறந்த பிறகு அப்பா ரேஸ் பக்கம் போகவே இல்லை. ஷெட், எங்கள் படிப்பு, அம்மாவின் உடம்பு என்று வருஷங்கள் ஓடிவிட்டன.

முதலில் ஃபார்முலா எல்ஜிபி கார்கள். ஒற்றை இருக்கை, வெளியே தெரியும் சக்கரங்கள், உள்ளே மாருதி எஞ்சின். “எல்லாத்துக்கும் ஒரே எஞ்சினா? அப்ப எவன் லேட்டா பிரேக் போடுறானோ அவன்தான் முன்னாடி வருவான்” என்றார் அப்பா. முதல் வளைவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தபோது அது அப்படியே நடந்தது. நேர்ப்பாதையில் பின்னால் ஒட்டி வருகிறவனுக்குக் காற்றின் தடை குறைகிறது. வளைவு நெருங்கும்போது சட்டென்று வெளியே எடுத்துப் பக்கத்தில் வந்துவிடுகிறான். ஆனால் உரசுவதில்லை. சக்கரம் சக்கரத்தில் ஏறினால் வண்டி மேலே தூக்கிவிடும். அதனால் ஒவ்வொருவரும் அடுத்தவருக்குக் கொஞ்சம் இடம் விட்டே ஓட்டுகிறார்கள். நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரில் தன் முதல் பந்தயத்தை ஓட்டியதும் இங்கேதான். 2005இல் அவர் ஃபார்முலா ஒன்னுக்குப் போன அன்று அப்பா ஷெட்டில் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தது ஞாபகம் வந்தது.

சலூன் கார் பந்தயம் வேறு ரகம். நாம் தினமும் ரோட்டில் பார்க்கிற வண்டிகள்தான். உள்ளே சீட்டு, மேட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இரும்புக் குழாய்க் கூண்டு வைத்திருக்கிறார்கள். வளைவில் ஒரு பக்கம் சாய்ந்து, உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. கதவோடு கதவு இடித்துக்கொண்டே போகிறார்கள். எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. அப்பாவுக்கும்தான், வாய்விட்டுச் சொல்லவில்லை.

பந்தயம் முடிந்ததும் பேடாக்கில், அதாவது பந்தய வண்டிகளை நிறுத்திப் பழுது பார்க்கிற இடத்தில், ஒரு மாருதி எஸ்டீம் வந்து நின்றது. பிரேக் பேட் கருகிய வாசனை. மெக்கானிக் பையன் ஓடிவந்து சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகினான். டிரைவர் ஹேண்ட் பிரேக்கைத் தொடவே இல்லை. “சூட்டோட இழுத்தா அப்படியே புடிச்சுக்கும், அதான்” என்று அப்பா என்னிடம் சொன்னது அந்தப் பையன் காதில் விழுந்துவிட்டது. “ஐயா நம்ம லைனா?” என்று கேட்டான். அவ்வளவுதான். அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசினார்கள். இடது கதவில் அடுத்த வண்டியின் டயர் தேய்த்த கறுப்பு வட்டம், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. அப்பா அதைக் கட்டைவிரலால் தேய்த்து, விரலை மோந்து பார்த்தார். பிறகு டார்ச்சை வாங்கிக்கொண்டு, பையன் பம்பரைக் கம்பியால் கட்டி முடிக்கும்வரை வெளிச்சம் பிடித்தார்.

கிளம்பும்போது அந்தப் பையன் “அடுத்த ரவுண்டுக்கும் வாங்கய்யா” என்றான்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நிழல் குறைவு. தொப்பி, தண்ணீர், காதுக்குப் பஞ்சு அவசியம். அடுத்த சுற்றுக்கு அல்சூரிலிருந்து எங்கள் காரில் இரண்டு இடம் இருக்கிறது. முன்சீட்டு அப்பாவுக்கு.