எர்த்தை மாற்றினால் ஸ்டார்ட்டர் எதிர்ப்பக்கம் சுற்றுமா?

பழைய பட்டறை, சுங்கை சிப்புட்: பழைய மோரிஸ் மைனர் காரை பாசிட்டிவ் எர்த்திலிருந்து (பேட்டரியின் பிளஸ் முனை கார் உடம்போடு) நெகட்டிவ் எர்த்துக்கு (மைனஸ் முனை உடம்போடு) மாற்றினால் எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், வேறு மோட்டார் வாங்குங்கள் என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி எத்தனை பேர் நல்ல லூகாஸ் ஸ்டார்ட்டரைப் பழைய இரும்புக்குப் போடப்போகிறார்களோ! அந்த லூகாஸ் எம்35ஜி ஒரு சீரீஸ் மோட்டார்: காந்தம் உண்டாக்கும் ஃபீல்டு சுருளும் சுற்றும் ஆர்மேச்சரும் ஒரே வரிசையில் இணைந்தவை. பேட்டரி வயரை மாற்றினால் ஃபீல்டு, ஆர்மேச்சர் இரண்டிலும் கரண்ட் சேர்ந்தே திரும்பும். சுற்றும் பக்கம் மாறாது.

கிராணி வீட்டுப் பேரன்: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். தாத்தா தோட்டத்தில் ஓட்டிய காடி அது. மாற்றினேன், எதிர்ப்பக்கம்தான் சுற்றியது. கண்ணால் பார்த்தவன் பொய் சொல்கிறானா?

பழைய பட்டறை: அது லூகாஸா? உடம்பில் போல் ஷூவை (ஃபீல்டு சுருளைத் தாங்கும் இரும்பு) பிடிக்கும் பெரிய ஸ்குரூக்கள் இருந்தனவா? இல்லையென்றால் உள்ளே இருப்பது நிரந்தரக் காந்தம். ஹாஃப்-கட் கடையில் (பாதியாக வெட்டி வந்த பழைய கார்களின் பாகம் விற்கும் கடை) வாங்கி மாட்டும் சின்ன கியர் மோட்டார்களில் அந்த வகையும் உண்டு. அதுதான் எதிர்ப்பக்கம் சுற்றும். ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஒன்வே கிளட்ச் வழுக்கி, எஞ்சின் அசையாமல் மோட்டார் மட்டும் இரையும்.

கிராணி வீட்டுப் பேரன்: ஸ்டார்ட்டர் என்றால் ஸ்டார்ட்டர்தான். எதிர்ப்பக்கம் சுற்றியது.

மினி998: அண்ணே, எந்த மோட்டாராக இருந்தாலும் முதலில் ரிங் கியரில் (ஸ்டார்ட்டர் பல் கோக்கும் எஞ்சின் வளையம்) பல்லை எண்ணுங்கள். மினியில், பினியன் (ஸ்டார்ட்டரின் சின்னப் பல்சக்கரம்) சுற்றும் வேகத்தில் தானே போய்க் கோக்கும் பழைய இனர்ஷியா வகைக்கு 107, பினியனைக் கோத்த பிறகே சுற்றும், பிறகு வந்த ப்ரீ-எங்கேஜ்டுக்கு 129. கலந்து மாட்டினால் பல் போய்விடும்.

கிராணி வீட்டுப் பேரன்: மைனர் பற்றிப் பேசும்போது மினி எதற்கு?

மினி998: இரண்டிலும் ஒரே ஏ-சீரீஸ் எஞ்சின் குடும்பம்தானே! கேட்க விருப்பமில்லை என்றால் விடுங்கள்.

செம்பனை லோரி: பட்டறைக்காரர் பாடம் நடத்துகிறார், சரி. எர்த் மாற்றிய என் காடிக்கு பேட்டரிக்குச் சார்ஜ் தரும் டைனமோவைப் போலரைஸ் செய்யாமலே (அதன் காந்தத்தைப் புது எர்த்துக்கு ஏற்பத் திருப்பாமலே) கொடுத்தாரே, அதைச் சொல்லட்டும். சார்ஜ் இல்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு அணையவே இல்லை.

பழைய பட்டறை: நான் கொடுத்த பிறகு வயரில் கை வைத்தது யார்? கோயில் திருவிழாவில் எல்லார் முன்னாலும் இதைச் சொன்னீர்கள், அன்றைக்கே பதில் சொல்லிவிட்டேன். இங்கே பேச்சு ஸ்டார்ட்டர். இனர்ஷியா பினியன் ரிங் கியரில் சிக்கிக்கொண்டாலும் மோட்டாரைக் குறை சொல்கிறார்கள். ஷாஃப்ட் நுனி சதுரமாக இருக்கும், மூடியைக் கழற்றி ஸ்பேனரால் திருப்பினால் விடுபடும். அதற்கும் புது மோட்டார் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்!

செம்பனை லோரி: டைனமோவுக்குப் பதில் வரவில்லை.

கிராணி வீட்டுப் பேரன்: ஞாயிற்றுக்கிழமை வீடியோ போடுகிறேன்.

பழைய பட்டறை: போடுங்கள். மோட்டார் உடம்பில் அடித்திருக்கும் எழுத்தையும் காட்டுங்கள். எம்35ஜி என்று இல்லாவிட்டால் உங்கள் வீடியோ எதையும் நிரூபிக்காது.

கிராணி வீட்டுப் பேரன்: எழுத்து எதுவாக இருந்தால் என்ன? எதிர்ப்பக்கம் சுற்றியது.