மறுமொழி: 'கோல்டு ஜாயின்ட்' என்பதற்குக் குளிர் இணைப்பு வேண்டாம், பொய்ப்பற்று எனலாம்

வணக்கம்.

> மூலச்சொல்லை ஒட்டிக் 'குளிர் இணைப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே ஐயா.

எனக்கு உடன்பாடில்லை. 'கோல்டு ஜாயின்ட்' என்பது மின்னணு போர்டில் ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பு; அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். கும்பகோணத்தில் ஞாயிறுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆம்ப்ளிஃபயர் கிட் கோக்கச் சொல்லித்தருகிறேன். 'குளிர்' என்றதும் அயர்ன் (ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சூட்டுக்கோல்) சூடாகவில்லை என்று எண்ணி இன்னும் ஐந்து நிமிடம் காயவைக்கிறார்கள். அயர்ன் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. சூடேறாதது போர்டின் செம்புத் திட்டும் உதிரியின் காலும். நுனியில் ஈயத்தை உருக்கிக் காலின்மேல் சொட்டவிட்டால், தாமரை இலைத் தண்ணீராய் உருண்டு நிற்கும்.

இங்கே பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவரைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அவர் ஈயத்தைத் தனியே உருக்கி ஊற்றுவதில்லை. பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, ஈயத்தைத் தொடுவார். பாத்திரத்தின் சூட்டிலேயே அது உருகி ஓடும். கிட்டிலும் அதே முறைதான். அயர்ன் நுனி திட்டையும் காலையும் சேர்த்துத் தொடட்டும், இரண்டு மூன்று விநாடி. பிறகு ஈயக்கம்பியை நுனியில் அல்ல, காலில் வையுங்கள். 60/40 கம்பி (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 190 டிகிரி செல்சியஸ் அளவிலேயே முழுக்க உருகிவிடும். டிடிஏ 2030 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. போட்ட கிட்டில் மூன்றாம் கால் மட்டும் முரண்டு பிடிக்கும். அகன்ற கிரவுண்ட் செம்பு சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அங்கே கூடுதல் நேரம் கொடுங்கள். ஈயம் இறுகும்வரை காலை அசைக்காதீர்கள்.

'மங்கல் இணைப்பு' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். காரீயம் கலக்காத கம்பியில் நல்ல இணைப்பே மங்கலாகத்தான் இருக்கும். அதனால் அதுவும் சரிவராது.

மைக்செட் கடைகளில் 'டிரை சால்டர்' என்பார்கள். இதன் குணமே ஏமாற்றுவதுதான். கண்ணுக்கு ஒட்டியிருக்கும்; பெட்டி சூடேறியதும் கரகரக்கும்; தட்டினால் மறுபடி பாடும். பொய்க்கோபம், பொய்த்தூக்கம் போல இது பொய்ப்பற்று.

'பற்று' நாமாக இட்டுக்கட்டியதும் அல்ல. உலோகத்தை இணைக்க இடும் பொடிக்குப் பற்றாசு என்பது பழம்பெயர். வெண்பாவில் முதல் ஏழு சீரான முதற்குறளுக்கும் அடுத்து வரும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை விட்டுப்போனால் ஓரிரு அசை சேர்த்து இணைப்பார்கள். அந்த அசைக்கு 'ஆசு' என்று பெயர் வந்ததே கொல்லர் இடும் பற்றாசிலிருந்துதான். யாப்பிலக்கணக்காரர்கள் பட்டறையிலிருந்து கடன் வாங்கிய சொல்லை நாம் பட்டறைக்கே திருப்பிக் கொண்டுவருகிறோம். கடைக்கணக்கின் பற்று வரவோடு குழம்பும் என்ற அச்சம் எனக்கில்லை. இடம் பார்த்துப் பொருள் கொள்வோம்.

முடிவாகாமல் நிற்பது ஒன்று: ஈயம் பரவிப் பிடிப்பதை 'நனைதல்' என்பதைவிட 'ஓட்டம்' என்னலாமா? பூசுபவர் வாயில் வரும் சொல் என்பதால் மனம் அங்கேதான் போகிறது. ஆனால் பக்கத்திலேயே மின்னோட்டம் இருக்கிறது. 'படர்வு' பொருந்துமா, சொல்லுங்கள்.