ஸ்டிக் டிரிஃப்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

கேம் கன்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தொடவே இல்லை. திரையில் ஆள் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கிறான். இந்தப் பழுதைத்தான் டிரிஃப்ட் என்கிறார்கள். பழுதுநீக்கும் குறிப்புகளில் 'சறுக்கல்' என்று சிலர் எழுதுகிறார்கள். அங்கே எதுவும் சறுக்கவில்லையே! 'மையவிலகல்' பொருந்துமா?

—

> 'மையவிலகல்' பொருந்துமா?

வணக்கம் ஐயா. மையவிலக்கு விசை படித்தவர்களுக்கு அது குழப்பம் தரும். அதைவிட, டிரிஃப்ட் என்ற ஒரே பெயருக்குள் மூன்று பழுதுகள் ஒளிந்திருக்கின்றன.

ஸ்டிக்கின் இரு பக்கவாட்டிலும் இரண்டு மாறுமின்தடைகள் உண்டு. இடவலத்துக்கு ஒன்று, மேல்கீழுக்கு ஒன்று. பெரும்பாலும் 10 கிலோ ஓம். (ஆங்கிலத்தில் பொட்டென்சியோமீட்டர். அதைப் பாடநூலில் 'மின்னழுத்தமானி' என்பார்கள். அது அளக்கும் கருவி, இங்கே ஒட்டாது.) உள்ளே கரித்தடத்தின் மேல் சிறிய உலோக நாக்கு உரசிப்போகும். 'வருடி' என்று சொல்ல ஆசைதான். ஸ்கேனர் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டது. 'தொடுநாக்கு' என்கிறேன். ஸ்டிக் நடுவில் நிற்கும்போது நாக்குக்கு இருபுறமும் ஏறக்குறைய 5 கிலோ ஓம். 0 முதல் 255 வரை காட்டும் சோதனை நிரலில் 127 அல்லது 128 வர வேண்டும்.

ஸ்டிக்கை இடக்கோடிக்குத் தள்ளிவிட்டுக் கையை எடுங்கள், அது நடுவுக்குத் திரும்பி நிற்கும்போது எண்ணைக் குறியுங்கள். வலக்கோடியிலிருந்தும் அப்படியே. இரண்டு எண்களும் வெவ்வேறாக நின்றால் சுருள்வில் தளர்ந்திருக்கிறது. எண் ஒரே இடத்தில் நின்று, ஆனால் 140 போலத் தள்ளி நின்றால் தடம் தேய்ந்திருக்கிறது, அல்லது நடு அளவு தவறாகப் பதிவாகியிருக்கிறது. தொடாமலே எண் குதித்தால் தடத்தில் கரித்தூள்.

ஆகவே வெளியே தெரியும் அறிகுறிக்குத் 'தன்னகர்வு'. காரணங்களுக்கு முறையே 'வில் தளர்வு', 'நடுப்பிசகு', 'அளவுத் துடிப்பு'. எலும்பு பிசகியது என்று சொல்கிறோமே, அந்தப் பிசகுதான்.

—

தேய்மானத்தால் வருவதால் 'தேய்நகர்வு' என்றே வைத்துவிடலாமே?

—

> தேய்நகர்வு

ஹால் உணரி ஸ்டிக்குகளில் தடமே இல்லை. காந்தம் திரும்புவதை உணரி தொடாமல் அறிகிறது. 1998இல் வந்த செகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கேம் கருவியின் கன்ட்ரோலரிலேயே இது உண்டு. அதிலும் வில் தளரும், நடு அளவு தவறும். தேய்வைப் பெயரில் கட்டிவிட்டால் அங்கே சொல் பொய்யாகிவிடும். தன்னகர்வுக்கே என் வாக்கு.

காரணத்துக்குத் தனிப்பெயர் வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறேன், ஏனென்றால் வைத்தியம் வேறு வேறு. அளவுத் துடிப்பு என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மாறுமின்தடையின் பக்கமூடியைக் கொக்கி விடுவித்துச் சற்றே நெகிழ்த்த வேண்டும். அதிகம் வளைத்தால் அதன் மூன்று கால்களும் ஒடியும். 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, தடத்தின் வளைவை ஒட்டி இரண்டு முறை துடைத்தால் போதும். கறுப்பு பஞ்சில் வந்துவிடும். அழுத்தித் தேய்த்தால் கரிப்பூச்சே உரிந்து, துடிப்பு நடுப்பிசகாகிவிடும். எண்ணெய்த் தெளிப்பு வேண்டவே வேண்டாம், தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வில் தளர்ந்தாலோ தடம் தேய்ந்தாலோ ஸ்டிக் தொகுதியையே மாற்ற வேண்டும். பலகையில் பற்றவைத்த வகையில் 14 கால்கள்: மாறுமின்தடைகளுக்கு 6, அழுத்துபொத்தானுக்கு 4, சட்டகத்துக்கு 4. புவி இணைப்புள்ள கால்கள் சூட்டை இழுத்துக்கொள்ளும். புதிய ஈயப்பற்றைக் கலந்து இளக்கினால்தான் அவை விடும். நெம்பினால் செப்புத்தடம் பெயர்ந்துவிடும். மாற்றியபின் நடு அளவை மறுபதிவு செய்யாவிட்டால் புதிய தொகுதியிலும் நடுப்பிசகு தெரியும்.

—

ஏற்கிறேன். தேய்நகர்வை விட்டுவிடலாம். அப்படியே டெட் ஸோனுக்கும் ஒரு சொல் வேண்டும். 'இறந்த மண்டலம்' கேட்கவே சகிக்கவில்லை.

—

நடுவைச் சுற்றி எந்த அசைவையும் நிரல் கண்டுகொள்ளாத வட்டம் அது. 'பாராவட்டம்' எனலாம். "பாராவட்டத்தை அகட்டினால் தன்னகர்வு மறையும், நுட்பமாகக் குறிபார்க்கும் சிற்றசைவும் சேர்ந்தே போய்விடும்" என்று எழுதிப் பார்த்தேன், வாசிக்கத் தடங்கவில்லை.